ஞானமேரிக்கு இறங்கிய பன்

1

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தினமும் ஒரேயொரு பன் வாங்கிப்போகிற மனிதரிடம், "யாருக்குங்க?" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டுவிட்டேன். எண்பத்தாறாம் வருஷம். கதை அப்படித்தான் என் தலையில் வந்து விழுந்தது.

2

வயதாக ஆக, அன்றாடத்தின் சின்னஞ்சிறு கணங்களிலேயே இறைவன்— (அடித்துவிட்டேன். பிரசங்கம் கேட்கவா வந்தீர்கள்?)

பன் வாங்குகிறவர் பெயர் அமிர்தசாமி, ரைஸ்மில்லில் உழைத்து ஓய்ந்தவர். மனைவி ஞானமேரிக்குப் பக்கவாதம். விழுப்புரம் ஆஸ்பத்திரியில், "வீட்டுக்குக் கூட்டிக்கினு போங்க" என்று கைவிரித்துவிட்டார்கள். கண் மூடுவதற்குள் அவளுக்கு ஒருமுறை நன்மை கொடுத்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை. (நன்மை: மாதாகோயில் பூசையில் நாக்கில் வைக்கும் மெல்லிய அப்பம். அவர்களுக்கு அது ஏசுவேதான்.) மாதத்தின் முதல் வெள்ளியன்று பங்குச் சாமியார் நோயாளிகளின் வீடுதேடி அதைக் கொண்டுவருவார்.

போன மாதம் வந்தபோது அவளுக்குத் தண்ணீரே இறங்கவில்லை. "மொதல்ல முழுங்கட்டும் அமிர்தசாமி. அடுத்த மாச வெள்ளிக்குப் பாக்கலாம்" என்று போய்விட்டார்.

3

அதனால்தான் பன். டீயில் நனைத்து, நகத்தளவு கிள்ளி, நாக்கில் வைத்துப் பழக்கினார்.

"வாயத் தொறம்மா ஞானம். சாமியார் வர்றதுக்குள்ள பழகிக்கோ."

கடைவாயில் வழியும். துடைப்பார். மறுபடி வைப்பார்.

வியாழக்கிழமை காலை, இறங்கிவிட்டது! தொண்டை அசைந்ததை அவர் கண்ணால் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். படுக்கையில் விழுந்த பிறகு அன்றுதான் பார்த்தாள். பாவி மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

(இங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை என்று ஒன்று வந்து தொலைத்ததே.)

4

சாமியார் வந்தார். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஞானமேரி பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். அமிர்தசாமி கெஞ்சினார், தாடையைப் பிடித்துப் பார்த்தார், ஆத்திரத்தில் அதட்டியும் விட்டார். வாய் திறக்கவே இல்லை. (ஏன் என்று கேட்காதீர்கள். தெரிந்தால் எழுதமாட்டேனா?) அப்பம் வந்த வழியே கோயிலுக்குத் திரும்பியது.

ஞாயிறன்று அடக்கம்.

5

முடிவு ஒன்று: வெள்ளியன்று திரும்பிப்போகும்போது சாமியார் வாசலில் நின்று, "நேத்து நீ ஊட்டினியே, அதுவே நன்மை..." வேண்டாம். அவர் அப்படிச் சொல்கிற ஆளில்லை.

முடிவு இரண்டு: யாரும் சொல்லாததால், அடக்கம் முடிந்து அதே டீக்கடைக்கு வந்தவரிடம் நானே சொன்னேன். "வியாழக்கிழமை இறங்கிச்சே, அதுல ஏசு இல்லைன்னு யாருங்க சொன்னது?" எழுதுகிறவனுக்கு வேறென்ன தெரியும்?

அமிர்தசாமி நிமிர்ந்து பார்த்தார். "அது பன்னு சார். எனக்குத் தெரியாதா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "பன்னுக்கு வாயத் தொறந்தா. ஏசுவுக்கு மூடிக்கினா. அவள நான்தான சார் பன்னுக்குப் பழக்கிட்டேன்?"

இதற்கு ஒரு பதில் எழுதி அடித்தேன். இன்னொன்று எழுதி, அதையும் அடித்தேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள். எனக்கு வேண்டாம், அவருக்கு. இன்னமும் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.