ஒற்றை நாற்காலிக் கோட்பாடு

எங்கள் திரைச்சீலைக் கடையில் வாடிக்கையாளர் உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. காரணம், இன்னொன்று உடைந்துவிட்டது. கனத்த உடம்புக்காரர் ஒருவர் அதில் உட்கார்ந்து, விலையைக் கேட்டதும் பின்னால் சாய்ந்தார். நாற்காலியும் கூடவே சாய்ந்தது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்றாள் அக்கா. ஆமாம் என்றேன் நான். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி அத்தானும் ஆமாம் என்றார். மூன்று பேரும் ஒருமனதாக முடிவெடுத்த காரியம் எதுவும் எங்கள் குடும்பத்தில் நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

கடை அக்காவுடையது. அவள் கணவர், அதாவது என் அத்தான், பின்கட்டில் உட்கார்ந்து தைப்பார். நான் வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, கம்பி அடித்து, திரையை மாட்டிவிட்டு வருவேன். பேசுகிற இலாகா முழுக்க அக்காவிடம்.

அந்தச் சமயத்தில்தான் ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்தார். தோளில் பை, கையில் பேனா, துணி வாங்குகிற முகமே இல்லை. சின்னக் கடைகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாராம். கேட்ட முதல் கேள்வியே இதுதான்:

"ஏங்க, இவ்வளவு இடம் இருந்தும் ஒரே ஒரு நாற்காலி போட்டிருக்கீங்க?"

கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று ஏன் என்று கேட்பவருக்கு எந்த வியாபாரியும் உண்மையைச் சொல்வதில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, பழக்கம். இந்தத் துணி ஏன் மலிவு என்றால் வெயிலில் வெளுத்துவிட்டது என்றா சொல்வோம்? இப்போது இந்த நிறம்தான் ஓடுகிறது என்போம். அக்கா ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை.

"அது காரணமாத்தான் தம்பி. திரைச்சீலை வாங்க ஜோடியாத்தான் வருவாங்க. ஒருத்தர் உக்காந்தா இன்னொருத்தர் நிக்கணும். உக்காந்தவங்க நிதானமா துணி பாப்பாங்க. நிக்கறவருக்குக் கால் வலிக்கும். கால் வலிக்கிற ஆளு பேரம் பேசவா போறாரு? 'சரி, எடு, கெளம்பலாம்'பாரு. ரெண்டு நாற்காலி போட்டா ரெண்டு பேருமா உக்காந்து என் தலையை உருட்டுவாங்க."

அவர் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டு போனார்.

"ஏன்க்கா அந்த ஆள்கிட்ட இப்படிக் கயிறு திரிச்சே?" என்றேன்.

"கேட்டான், சொன்னேன். படிக்கிற புள்ள, வெறுங்கையோடயா அனுப்பறது?"

அதற்குப் பிறகு சில மாதங்கள் எதிர்க்கடை வாசலில் அவரைப் பார்த்தோம். படிப்பை விட்டுவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்து அத்தான் வருத்தப்பட்டார்.

சில வருடங்கள் போயின. தெருமுனையில் பெரிய பெரிய ஷோரூம்கள் வந்தன. எங்கள் வியாபாரம் படுத்தது. கடையைச் செருப்புக் கடைக்காரருக்கு விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு. அவரும் ஒருநாள் வந்து சுவரையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, திருப்தியாகப் போனார். அப்போதுதான் ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஓட்டல் எழும்பத் தொடங்கியது. அத்தனை ஜன்னலுக்கும் இரண்டடுக்குத் திரை. அந்த ஆர்டர் கிடைத்தால் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் செருப்பு.

அக்கா சாம்பிள் துணிகளோடு ஓட்டலின் கொள்முதல் மேனேஜரைப் போய்ப் பார்த்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவர் துணியைக் கசக்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிடித்துவிட்டது.

"துணி பிரமாதம் மேடம். ஆனா சப்ளை பண்ற நிறுவனத்தை நடத்தறவங்களுக்கு நிர்வாகத்துல முதுகலைப் பட்டம் இருக்கணும்னு எங்க விதி."

"திரையைத்தானே சார் தொங்கவிடப் போறேன்? ஓட்டலை நானா நடத்தப் போறேன்?"

"விதி மேடம்."

"எப்ப வரைக்கும் டைம்?"

"கட்டடம் முடியற வரைக்கும். ரெண்டு வருஷம்."

கட்டடம் கட்டுகிறவர்களை அக்காவுக்குத் தெரியும். அவர்கள் இரண்டு என்றால் மூன்று. தபாலில் படித்து வாங்கிய ஓர் இளங்கலைப் பட்டம் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போய், வார இறுதி எம்.பி.ஏ. வகுப்பில் சேர்ந்தாள்.

கல்லாவில் உட்கார்ந்தே படித்தாள். ஒவ்வொரு தாளாகத் தாண்டினாள். கடைசியாக நுகர்வோர் நடத்தை என்ற தாள் மட்டும் மிச்சம். அதற்கு அவள் வகுப்புக்கும் போகவில்லை, புத்தகத்தையும் பிரிக்கவில்லை. "நுகர்வோர் நடத்தையைத்தான் காலையிலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேனே. அதைப் புஸ்தகத்துல வேற பாக்கணுமா?"

பரீட்சை முடிந்து வந்தவள் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"டேய், நம்ம கடையையே கேள்வியா கேட்டுட்டாங்கடா! ஒரு திரைச்சீலைக் கடையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது, காரணத்தை விளக்குக. இருபது மார்க்!"

"என்ன எழுதினே?"

"உண்மையைத்தான். இன்னொண்ணு உடைஞ்சிருச்சுன்னு எழுதினேன். யாரு உடைச்சாங்கன்னும் எழுதியிருக்கேன்."

அந்தக் கேள்விக்கு முட்டை. அந்த முட்டையால் தாளும் போயிற்று.

துறைத் தலைவரைப் பார்த்து நியாயம் கேட்கப் புறப்பட்டோம். கதவைத் திறந்தால், உள்ளே அதே ஆராய்ச்சி மாணவர். இப்போது முனைவர், கண்ணாடி, லேசான தொப்பை. அவர் அறையில் நான்கு நாற்காலிகள் இருந்தன.

"மேடம், நீங்களா! என் ஆய்வோட முதல் அத்தியாயமே நீங்கதான்!" என்று எழுந்தேவிட்டார். டீ வந்தது. முட்டை வாங்கிய கதையை அக்கா சொன்னாள்.

"அப்போ அந்த மார்க்கைப் போட்டுடுங்க சார்."

"விடை தப்பாச்சே மேடம்."

"சார், கடை என்னோடது."

"தெரியும்."

"நாற்காலி என்னோடது."

"தெரியும் மேடம். சரியான விடை மட்டும் பாடப் புஸ்தகத்துல இருக்கு."

"அந்தப் புஸ்தகத்துல இருக்கறதை உங்களுக்குச் சொன்னதே நான்தான் சார்! அன்னிக்கு வாய்க்கு வந்ததை அடிச்சுவிட்டேன்."

வாய்க்குப் போன டீ பாதியில் நின்றது. முனைவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"பரீட்சைப் பேப்பர்ல எழுதியிருக்கேன்."

"அதைத் திருத்தினது நான்தான்," என்றார். அந்த அளவுக்கு அவருக்கு நிம்மதி. பிறகு உட்கார்ந்து, டீயை முழுக்கக் குடித்து முடித்தார். "சரி மேடம். நீங்க பொய்யே சொல்லியிருக்கட்டும். நான் அதைக் கேட்டதும் நம்பிடலை. உங்க எதிர்க்கடை வாசல்ல வெயில்ல நின்னு யார் யார் எவ்வளவு நேரம் பேரம் பேசறாங்கன்னு பாத்தேன். அப்புறம் பாத்திரக் கடை, விளக்குக் கடை, செருப்புக் கடைன்னு அனுமதி கேட்டுக்கிட்டு, நாற்காலியை எடுத்தும் பாத்தேன், போட்டும் பாத்தேன். எடுத்தா பேரம் சுருங்குது. போட்டா நீளுது. காரணம், நீங்க சொன்னதேதான்."

"செருப்புக் கடையில நின்னுக்கிட்டேவா செருப்பைப் போட்டுப் பாத்தாங்க?"

"அங்க மட்டும் பலிக்கல. அது ஏழாவது அத்தியாயம்."

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறவர்களை அவளுக்குத் தெரியும். சொந்தக்காரர்களைப் போலத் தெரியும். இந்த முகத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

"அப்போ நான் சொன்னது சரிதானே? மார்க் குடுங்க."

"என்கிட்ட சொன்னது சரி. பேப்பர்ல எழுதினது தப்பு."

"பதினஞ்சு போடுங்க."

"இல்ல மேடம்."

"உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், பத்து."

"மேடம்..."

"எட்டு. எட்டு கிடைச்சா பாஸ் சார். இதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

"மேடம், இது ஒரே விலைக் கடை."

அக்கா எழுந்தாள். அவள் பேரத்தை முறித்துக்கொண்டு வாசலை நோக்கி நடக்கிற நடை இருக்கிறதே, அதைக் கண்டு மொத்த வியாபாரிகள் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார்கள். பையை மெல்ல எடுப்பாள், ஒரு பெருமூச்சு விடுவாள், வாசலுக்குப் போவதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். முனைவரும் எழுந்தார். அவளை முந்திக்கொண்டு போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"ரெண்டு மாசத்துல மறுதேர்வு இருக்கு மேடம். நல்லா படிச்சிட்டு வாங்க."

கீழே தெரு வரைக்கும் அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். தெருவுக்கு வந்ததும், "கூப்பிடவே இல்லடா," என்றாள்.

மறுநாளே ஒரு நாற்காலி வாங்கினாள். குஷன் வைத்தது. "இவன் புஸ்தகம் தப்புன்னு காட்டறேன். நாளைக்கே போய்க் கணக்கை மூஞ்சிக்கு நேரா நீட்டறேன்."

முதலில் வந்தது ஒரு புதுமணத் தம்பதி. பெண் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். வழக்கமாக வாசலில் நின்று போனை நோண்டியிருக்க வேண்டிய கணவன், புது நாற்காலியில் உட்கார்ந்தான். அழுத்திப் பார்த்தான். கால்மேல் கால் போட்டான்.

"இது துவைச்சா சுருங்குமா?"

"சுருங்காது சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

மனைவி திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். "என்னங்க, உங்களுக்கு இதெல்லாம்கூடத் தெரியுமா?"

"ஏன், தெரியக்கூடாதா?" என்றவன், ஊக்கம் வந்து ஓரத் தையலை இழுத்துப் பார்த்தான். பக்கத்துக் கடை விலை கேட்டான். பிறகு தன் சொந்த அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். அந்த அம்மாள் அங்கிருந்தபடியே எங்கள் துணி மட்டம் என்றாள். இருவரும் ஒரு சாம்பிள் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு, எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படியே. உட்கார்ந்த ஆண்கள் எல்லாரும் துணி வல்லுநர்கள் ஆனார்கள். ஒருவர் குஷனிலேயே தூங்கிப்போனார். அவர் எழுந்திருக்கிற வரை அவர் மனைவி கடையில் இருந்த எல்லாத் துணியையும் பிரித்துப் பார்த்தார்.

"ஏம்மா," என்றார் அத்தான் கடைசியில், "அந்த வாத்தியார் சொல்றது..."

"வாத்தியார் சொன்னாரா? நான் சொன்னதுங்க அது!"

"நீ பொய்யாத்தானே சொன்னே?"

"பொய்தான். ஆனா இத்தனை வருஷம் கடையில நின்ன வாயிலேர்ந்து வந்த பொய். சும்மா வந்துடுமா?"

"அது சரியா தப்பான்னு பாக்க அந்த ஆளுதானே வெயில்ல நின்னாரு," என்றார் அத்தான். சொன்ன வேகத்தில் மெஷினை மிதிக்கத் தொடங்கினார். அக்காவின் பதில் அந்தச் சத்தத்தில் போய்விட்டது.

அன்று சாயங்காலம் குஷன் நாற்காலி பின்கட்டுக்குப் போயிற்று. அதுவரை முக்காலியில் உட்கார்ந்து தைத்த அத்தானுக்கு முதுகுவலி நின்றது. முதுகலைப் படிப்பால் எங்கள் வீட்டில் முதலில் பயனடைந்தவர் அவர்தான்.

அக்கா புத்தகத்தைப் பிரித்தாள். தான் சொன்னதைத் தானே மனப்பாடம் செய்தாள். மறுதேர்வில் அதே கேள்வி வந்தது. முனைவருக்கும் வேறு கடை அவ்வளவாகப் பழக்கமில்லை போலும். பக்கம் பக்கமாக எழுதி, தூங்கிப்போன மனிதரையும் சேர்த்து எழுதினாள். பதினெட்டு வந்தது. மிச்சம் இரண்டு எங்கே என்று போன் செய்தாள்.

"யார் சொன்னதுன்னு நீங்க குறிப்பிடலை மேடம். மேற்கோள் காட்டணும்."

"நானே சொன்னது சார்."

"என் புஸ்தகத்துல சொன்னீங்க. பக்க எண் போடணும்."

பட்டம் வந்தது. முதல் வகுப்பு. மூன்றாவது வருடக் கடைசியில் ஓட்டல் கட்டடமும் முடிந்தது. சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துக்கொண்டு மேனேஜரைப் பார்க்கப் போனோம். அவர் நகலை வாங்கி பைலில் போட்டார். ஆர்டர் எங்களுக்குத்தான் என்றார். அக்கா மூச்சு விட்டாள்.

"இனிமே விலை பேசிடலாம் மேடம்," என்றார்.

அக்கா விலையைச் சொன்னாள். அவர் குறைக்கச் சொன்னார். அக்கா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, பஞ்சாலை ஏஜெண்டுகளையே களைக்க வைத்த தன் பழைய பாட்டை எடுத்தாள்.

"எனக்கு என்ன சார் தெரியும்? நாலு துணி வித்துப் பொழைக்கிற பொம்பளை. இந்தச் சதவீதம், கழிவு எல்லாம் நமக்குப் புரியாது. ஒரே பேச்சு, இதான் விலை."

மேனேஜர் பைலைத் திருப்பி, விரலை வைத்துப் படித்தார்.

"விலை நிர்ணயம்னு ஒரு தாள் எழுதியிருக்கீங்களே மேடம். எண்பத்தொண்ணு."

அக்கா எட்டிப் பைலைப் பார்த்தாள்.

"மொத்தமா எடுத்தா அடக்கவிலை குறையும்னு படிச்சிருப்பீங்க."

"படிச்சேன்."

"எவ்வளவு குறையும்னு நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவருடைய ஜன்னலைப் பார்த்தேன். திரை இல்லாத ஜன்னல். பழக்கதோஷத்தில் மனசுக்குள் அளந்துகொண்டிருந்தேன். அக்கா ஒரு சதவீதத்தைச் சொன்னாள். மிகச் சரியான சதவீதம்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆர்டர் கிடைத்தது, கடை நின்றது, செருப்புக் கடைக்காரர் வேறு சுவரைத் தட்டப் போய்விட்டார். லாபம் மட்டும் நினைத்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது.

நாங்கள் திரும்பி வந்தபோது அத்தான் சான்றிதழ் மாட்ட ஒரு கண்ணாடிச் சட்டத்தைத் தயாராக வாங்கி வைத்திருந்தார். கல்லாவுக்கு மேலே ஆணிகூட அடித்தாகிவிட்டது.

"அந்த ஆணியைப் பிடுங்குங்க," என்றாள் அக்கா. "வர்றவங்க கண்ணுல பட்டா ஒரு மீட்டர்கூட நம்ம விலைக்குப் போகாது."

"அப்போ இதை எங்க வைக்கறது?"

"பீரோவுல. துணிக்கு அடியில."

அத்தான் முணுமுணுத்துக்கொண்டே சட்டத்தைப் பழைய துணியில் சுற்றினார். அதற்குள் வாசலில் ஒரு ஜோடி வந்து நின்றது. அக்கா தலைமுடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"வாங்க, வாங்க. நீங்களே பாத்து எடுங்க. நமக்கு இதுல அவ்வளவா விவரம் பத்தாது."