ஏழாம் அத்தியாயத்து ஆடுகள்

என் நாத்தனார் வள்ளிமயில் இங்கிலீஷில் கதை எழுதுகிறவள். ஏதோ பொழுதுபோக்குக்கு எழுதுகிறவள் இல்லை. லண்டனில் மேடை போட்டுப் பரிசு கொடுத்திருக்கிறார்கள், அவள் புத்தகம் பதினான்கு பாஷைகளில் வந்திருக்கிறது. பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஆடு மேய்த்த வீட்டில் பிறந்த பிள்ளை. பஸ்ஸில் யாராவது "நீங்க அந்த எழுத்தாளர் வீடா?" என்று கேட்டால், "ஆமா, அவளுக்கு மதினி" என்று நான் சொல்லுகிற தோரணையைப் பார்க்க வேண்டும். பாதிக் கதையை நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் நான் கடம்பூரில் போளிக் கடைக்காரர் மகள். பத்தாவது வரைக்கும் படித்தேன், அதுவும் தட்டுத்தடுமாறி.

அவள் எழுதுகிற விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். போன மாசியில் பருத்தி எடுக்கிற கதை ஒன்றுக்காக வந்திருந்தாள். மூன்று நாள் கூலிப் பெண்களோடு புஞ்சைக்குப் போய்ப் பருத்தி எடுத்தாள். விரலெல்லாம் கீறல். சாயங்காலம் எழுதியதைத் தமிழில் அவர்களுக்குச் சொல்லிக் காட்டினாள். மாரிசெல்வி முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "மடியில பருத்தி நெறஞ்சா இடுப்புல்லா வலிக்கும்? நீ என்ன, தோளு வலிக்குன்னு எழுதிருக்க?" நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். வள்ளி அத்தனை பக்கத்தையும் அடித்துவிட்டு மறுநாளும் மடி கட்டிக்கொண்டு போனாள். உலகமே புகழுகிற ஒருத்தி எங்கள் ஊர்க் கூலிக்காரி சொல்லுக்குப் பயப்படுகிறாளே என்று எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அவளுடைய அந்தப் பரிசுப் புத்தகத்தைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். அது அவளுடைய சொந்தக் கதை, அதில் ஆடுகள் சாகிற இடத்தைப் படித்து வெள்ளைக்காரர்கள் அழுதார்கள் என்று டிவியில் சொன்னார்கள். இங்கிலீஷில் இருந்தவரைக்கும் நான் பேசாமல் இருந்தேன். எங்கள் ஊரில் யார் படிக்கப் போகிறார்கள்? இப்போது தமிழில் வந்துவிட்டது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் கல்யாண மண்டபம் பிடித்து வெளியீட்டு விழா. ஊரே வேன் பேசி வைத்திருந்தது.

அந்த ஆடுகளைக் கொன்றது நான். இருபத்தெட்டு வருஷமாக அது வள்ளிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

கல்யாணமாகி வந்த முதல் வருஷம். மாமனாருக்குக் காய்ச்சல் என்று நானும் வள்ளியும் ஆடு பத்திக்கொண்டு போனோம். அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு இருபது. எங்கள் ஊர் உக்கிரபாண்டி மாமாவின் புஞ்சையில் சோளம் அறுத்து முடித்திருந்தது. இடையில் பெய்த மழைக்கு அறுத்த தட்டையின் அடியில் மறுபடி குருத்து விட்டு, பிறகு மழையில்லாமல் வாடி நின்றது. வாடின சோளக் குருத்து ஆட்டுக்கு நஞ்சு என்பது ஆட்டுக்காரர் வீட்டில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். போளிக் கடையில் வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்? பச்சையைப் பார்த்ததும் ஆடுகள் வயிறு நிறையட்டும் என்று சந்தோஷமாக உள்ளே விட்டேன். "மதினி, விடாதீங்க, செத்துரும்" என்று வள்ளி கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா கெட ஏட்டி, எனக்குச் சொல்லித் தாரியாக்கும்" என்றேன். கொஞ்ச நேரத்தில் பதினேழு ஆடுகள் நுரை தள்ளி விழுந்தன.

மாமனார் வந்து கேட்டபோது, குளத்தங்கரையில்தான் மேய்ந்தன என்று சொல்லிவிட்டேன். புருஷன் வீட்டில் கால் வைத்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, பயம். அதற்கு முன்பே வள்ளியின் கையை எடுத்து என் தலையில் வைத்து, "மதினி விட்டான்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று வாங்கிக்கொண்டேன். ஆனால் இரண்டு நாளுக்கு முன்னால்தான் உக்கிரபாண்டி மாமா, "இனிமே ஆடு என் புஞ்சைக்குள்ள வந்துச்சு, மருந்து வச்சுக் கொன்னுருவேன்" என்று கோபத்தில் கத்தியிருந்தார். மாமனார் அதைப் பிடித்துக்கொண்டார். சுடலைமாடன் கோயில் முன்னால் நின்று, "மருந்து வச்சவன் குடும்பம் வெளங்காது" என்று இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினார். அன்றையிலிருந்து அந்த வீட்டுக்கு மருந்து வச்ச வீடு என்று பெயர். இரண்டு வீட்டுக்கும் பேச்சும் கிடையாது, தண்ணீர் புழக்கமும் கிடையாது. மாமனார் அந்தக் கோபத்தோடேயே செத்தும் போனார்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது வள்ளி முதல் பிரதியை என் கையில் கொடுத்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் தொழுவத்துக்குப் போய் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஏழாம் அத்தியாயத்தில் இருந்தது. புஞ்சை, வாடின குருத்து, நுரை, மண்ணை வாரித் தூற்றினது, எல்லாம் அப்படியே. ஆனால் புத்தகத்தில் ஆட்டை உள்ளே விட்டது நான் இல்லை. அந்தச் சின்னப் பிள்ளை. பொய் சொன்னதும் அவள்தான். மதினி என்று ஒருத்தி அந்தப் பக்கத்திலேயே கிடையாது. மறுபடியும் முதலிலிருந்து தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை.

நேராக அவளிடம் போனேன். வேப்பமரத்தடியில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த நோட்டு இல்லாமல் அவளைப் பார்க்கவே முடியாது.

"ஏட்டி, ஆட்டை நீயா விட்ட?"

"நீங்க விட்டீங்கன்னு சொல்லக் கூடாதுன்னுதான மதினி சத்தியம் வாங்குனீங்க? நான் விட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு வாங்கலையே" என்று சிரித்தாள்.

"ஊரு உலகமெல்லாம் உன்னையத்தான நெனைப்பாவ?"

"நெனைக்கட்டும். உக்கிரபாண்டி மாமா மருந்து வைக்கலைன்னு தெரியணும்லா. அவிய வீட்டைத் தாண்டித்தான் ஆறு வருசம் பள்ளிக்கூடம் போனேன். பேசாம இருந்தது நானுந்தான மதினி? நாளைக்குக் காலையில போயி, புஸ்தகத்தைக் குடுத்து மன்னிப்புக் கேக்கப் போறேன்."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. பாடுபட்டுச் சம்பாதித்த பேரை எடுத்து என் தப்பின் மேல் போர்த்திவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். என்னை விட எட்டு வயது இளையவள். இவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் செண்பகராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, சாப்பிடவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

காலையில் வள்ளி புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினதும் நானும் பின்னாலேயே போனேன். உக்கிரபாண்டி மாமா வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வள்ளி அவர் காலில் விழுந்து எழுந்து, "மாமா, அந்த ஆட்டை உங்க சோளத்துக்குள்ள விட்டது நான்தான். அப்பாகிட்ட பயந்து பொய் சொல்லிட்டேன்" என்றாள். அவர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "நீயா தாயி? பச்சப்பிள்ளை, நீ என்ன செய்வ. போகுது விடு" என்றார்.

பச்சப்பிள்ளை என்று அவர் சொன்னதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, அவ பொய் சொல்லுதா. விட்டது நான். அவ வேண்டாம்னு கையைப் பிடிச்சு இழுத்தா" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "உனக்கு அப்போ கல்யாணம் ஆயிருந்துச்சே" என்றார். பிறகு மெதுவாகத்தான் பேசினார். "என் மகளைப் பாக்க எட்டயபுரத்துல இருந்து வந்தவிய, பஸ் ஸ்டாப்புல யாரோ மருந்து வச்ச வீடுன்னு சொன்னதைக் கேட்டுட்டு வீட்டுக்குக்கூட வராமத் திரும்பிப் போனாவ. உனக்குத் தெரியுமா?"

தெரியும். அன்றைக்கு நானும் அந்த பஸ் ஸ்டாப்பில்தான் நின்றேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

"இந்தப் பிள்ளை லண்டன் வரைக்கும் சொல்லிட்டா, நல்லது. ஆனா உன் மாமனார் லண்டன்ல மண்ணை வாரித் தூத்தல. எங்கன தூத்துனாரோ, அங்கன வந்து சொல்லு."

நேரே சுடலைமாடன் கோயிலுக்குப் போனோம். அங்கேதான் தீப்பெட்டி ஆபீஸுக்கு ஆள் ஏற்றுகிற வேன் வந்து நிற்கும். இருபது பெண்கள் தூக்குவாளியோடு காத்திருந்தார்கள், டீக்கடையிலும் கூட்டம். எப்போது வந்தாரோ தெரியாது, என் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். ஊரில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது, அந்த வாய் ஒட்டிக்கொண்டது. வள்ளி வந்து பக்கத்தில் நின்றாள். கையிலிருந்த நோட்டைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். இதை அவள் எழுத மாட்டாள் என்று தெரிந்தது. இதை நான்தான் சொல்ல வேண்டும்.

"எங்க வீட்டு ஆடு பதினேழுக்கும் உக்கிரபாண்டி மாமா மருந்து வைக்கல. வாடின சோளத்துல நான்தான் விட்டேன். நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

வேன் வந்து ஹாரன் அடித்தது, ஒருத்தரும் ஏறவில்லை. உக்கிரபாண்டி மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவுதான தாயி" என்றார். "இதைச் சொல்லவா இருபத்தெட்டு வருசம்?"