கழுவாத அயிலை

எங்கள் வீட்டில் மீன் என்ற சொல்லைக்கூட அடுக்களைக்கு வெளியே நின்றுதான் சொல்ல வேண்டும். தேரூரில் நெல் விளைவிக்கிற சைவக் குடும்பம். அந்த வீட்டில் பிறந்த நான், மீன் கெட்டுவிட்டதா இல்லையா என்று காட்டும் காகிதத்தைக் கண்டுபிடித்தேன் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று சட்டம் போட்டாள்.

செம்பருத்திச் சாறு ஊறிய விரல் நீளக் காகிதம் அது. மீனின் செவுளுக்குள் செருகி ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும். நல்ல மீன் என்றால் இளஞ்சிவப்பாகவே இருக்கும். கெடத் தொடங்கியிருந்தால் அந்த வாடை பட்டுப் பச்சையாகிவிடும். நான்கு வருட உழைப்புக்குக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் காப்புரிமைப் பத்திரத்தை வைத்துக் கஞ்சி காய்ச்ச முடியுமா? எங்கள் பல்கலைக்கழகத்தின் கண்டுபிடிப்புகளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் பிரிவுக்குப் பொறுப்பான அனில்குமார் சாரின் அலமாரியில் அப்படி முப்பத்தொரு பத்திரங்கள் தூங்கின. ஒன்றுகூடக் கடைக்குப் போனதில்லை.

"ஒரு கம்பெனி வருது, மேடம். சந்தையில வச்சு செஞ்சு காட்டுங்க. சரியா வந்தா கையெழுத்து. இல்லன்னா இதுவும் அலமாரிக்குத்தான்" என்றார்.

கடியப்பட்டணத்தில் ரோட்டோரம் மீன் விற்கும் ஷிஜி அக்கா தன் அயிலை மீனைத் தரச் சம்மதித்தாள். கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். வாங்க வந்தவர்களும் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். நான் பத்து மீனில் பத்துக் காகிதத்தைச் செருகி, பச்சை என்றால் கெட்டது என்று சத்தமாக விளக்கமும் சொன்னேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

பத்தும் பச்சையாகின.

ஒரு பெண் பையில் போட்ட மீனைத் திரும்பக் கொட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஷிஜி அக்காவின் முன்னால் ஈ காக்கை இல்லை. கம்பெனி கார் முதலில் கிளம்பியது.

"எனக்க ஆளு கடல்ல போயி பிடிச்சிட்டு வந்து ரெண்டு மணிக்கூறு ஆவல்ல. ஒங்களுக்க பேப்பரு அத நாறுன மீனுன்னு சொல்லிப்போட்டே டீச்சர்! இனி எனக்கிட்ட ஆரு வாங்குவா?" அவள் கண் கலங்கியிருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தப்பு என் பக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். "லேப்ல நூறு தடவ சரியா வந்துது" என்று கத்தினேன்.

"அங்க மீன என்ன செய்வீங்க?"

"மொதல்ல பைப்புத் தண்ணியில நல்லா கழுவுவோம்."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல தண்ணி பட்டா மீனு வெரசா கெடும்லா! வெட்டப்போற நேரத்துக்கு முன்ன எவளாவது கழுவுவாளா?"

எனக்குப் பிடரியில் அடி விழுந்தது மாதிரி இருந்தது. ஆய்வின் முதல் நாள் வாடை தாங்காமல் நான்தான் மீனைக் கழுவினேன். அதையே செய்முறையில் முதல் படியாக எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கெட்ட மீனின் வாடையைப் போலவே கடல் தண்ணீரிலும் லேசாகக் காரத்தன்மை உண்டு. மீன் கெட வேண்டாம், அந்த ஈரம் பட்டாலே என் காகிதம் பச்சையாகிவிடும். மீன் தின்னும் வீட்டில் பிறந்த எவரும் செய்யாத தப்பு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை எனக்கு அயிலை சொல்லித்தர வேண்டியிருந்தது.

அனில்குமார் சாரிடம் மூன்று மாதம் கேட்டேன்.

"கம்பெனிதான் போயாச்சே, மேடம்."

"போகட்டும். ஷிஜி அக்காவுக்கு நான் கெடுத்த பேரை யார் திருப்பிக் குடுக்க?"

தினமும் முதல் பஸ்ஸில் கடியப்பட்டணம் போனேன். ஷிஜி அக்கா முகம் கொடுத்துப் பேசமாட்டாள். மீனை மட்டும் எடுத்துப் போடுவாள். மணலும் உப்புத் தண்ணீருமாக அப்படியே ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். முதல் வாரம் வாந்தி எடுத்தேன். ஈரத்தைத் தடுத்து வாடையை மட்டும் உள்ளே விடும் மெல்லிய படலம் ஒன்றைக் காகிதத்தின் மேல் ஒட்ட வேண்டும். இருபத்தாறு படலம் தோற்றது. அன்று கிணற்றடியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள்.

"இவ்வளவு நாள் நாத்தம் பட்டாச்சு. இப்பம் விட்டா நாத்தம் மட்டுந்தான் மிச்சம்" என்றாள்.

இருபத்தேழாவது படலம் ஈரத்தைத் தாங்கி நின்றது.

அதே இடம், அதே நேரம். இந்த முறை கம்பெனி இல்லை. ஃபைலோடு அனில்குமார் சார் மட்டும் வந்திருந்தார். "பத்து மீனும் நாந்தான் எடுத்துத் தருவேன்" என்றாள் ஷிஜி அக்கா. சரி என்றேன். மறுபடியும் கூட்டம் கூடியது.

ஒன்பது காகிதம் இளஞ்சிவப்பாகவே இருந்தது. பத்தாவது பச்சையானது.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அனில்குமார் சார் பேனாவை மூடினார். ஷிஜி அக்கா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். இன்னொரு முறை இவள் மீனைக் கெட்டது என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்த அயிலையைக் கையில் எடுத்தேன். செவுளைத் திறந்து பார்த்தேன், மங்கிப் போயிருந்தது. மூக்கருகே கொண்டுபோய் மோந்தேன். மூன்று மாத வாடையில் இதுகூடத் தெரியாமல் இருக்குமா?

"அக்கா, பேப்பர் சரியாத்தான் சொல்லுது. இது இன்னைக்குள்ள மீன் இல்ல" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

ஷிஜி அக்கா அதைப் பிடுங்கிப் பூனைக்கு வீசினாள்.

"நேத்து மிச்சம் வந்தது. நானாக்கும் இடையில வச்சேன். ஒங்களுக்க பேப்பரு கள்ளம் சொல்லுமான்னு பாக்கண்டாமா?" பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "கண்டீங்கல்லா? மத்த ஒம்பதும் இன்னைக்குப் பிடிச்ச மீனு. வந்து வாங்குங்க!"

அன்று மீனைத் திரும்பக் கொட்டிய பெண்தான் முதலில் பையை நீட்டினாள்.

எடை போட்டுக்கொண்டே ஷிஜி அக்கா அனில்குமார் சாரிடம் திரும்பினாள். "சாரே, தெனமும் எனக்கு முப்பது பேப்பரு வேணும். இஞ்ச மீன் விக்கிய எல்லாவளும் கேப்பாளுவ. கம்பெனிக்குக் குடுக்கியதுக்கு முன்ன எங்களுக்குத் தரணும்."

அவர் பேனாவைத் திறந்தார். ஃபைலில் வாங்குபவர் பெயருக்கான இடம், மற்ற முப்பத்தொரு பத்திரத்துக்கும் காலியாகவே கிடந்தது; அங்கே என்ன எழுதுவது என்று அவருக்கே தெரியவில்லை.

"ஃபாரத்துல வாங்குற கம்பெனி பேரு கேக்குது, அக்கா. என்ன போட?"

செதில் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"கடியப்பட்டணம் மீன்காரிகள்னு போடுங்க."