பக்கத்துப் படுக்கைக்காரரின் கை

டயாலிசிஸ் வார்டில் யாரும் செத்துப்போவதில்லை. ஷிப்ட் மாறிவிடுவார்கள். நேற்றுவரை கால் நீட்டிப் படுத்திருந்தவர் இன்று இல்லையென்றால், என்ன ஆச்சு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. "ஷிப்ட் மாறிட்டாரு போல" என்று யாராவது கூரையைப் பார்த்துச் சொல்வார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். மதியத்துக்குள் அந்தப் படுக்கைக்குப் புது விரிப்பு வந்துவிடும். யார் வீட்டுத் துக்கத்துக்கும் யாரும் போவதில்லை என்பது இன்னொரு வழக்கம். டயாலிசிஸ் மெஷினில் படுக்கிற ஒருவர் வீட்டுச் சாவுக்கு இன்னொரு மெஷின்காரர் வீட்டார் போனால் அது கூடவே கிளம்பி வந்துவிடுமாம். இதை முதலில் கிளப்பிவிட்ட புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. அவரும் ஷிப்ட் மாறியிருப்பார்.

மாஸ்டரின் மனைவிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மீறுகிற தைரியமும் கிடையாது. மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிக்கொடுத்தவர். இரண்டு சிறுநீரகமும் கைவிரித்த பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் மெஷினில் படுக்கிறார். அவருக்கு இடப்பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் கணக்கு வாத்தியார். மெஷின் ஓடி முடிகிறவரை இரண்டு பேரும் வாயடித்துக்கொண்டே கிடப்பார்கள். வெளியே பெஞ்சில் அவர்கள் மனைவிமார் இருவரும் ஒரே ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டு புருஷன்மாரைத் திட்டித் தீர்ப்பார்கள். போன மாதம் வாத்தியார் ஷிப்ட் மாறினார். அவர் மனைவியை இவள் போய்ப் பார்க்கவில்லை, ஒரு போன்கூடப் போடவில்லை. அது மனதை அரித்துக்கொண்டுதான் இருந்தது.

வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. மெஷின் நாளில் மாஸ்டர் பேசுவது எதுவும் கணக்கில் வராது. உடம்பில் தேங்கிய நீரையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு அனுப்புவார்களா, மனிதர் பிழிந்து போட்ட துணியாக வருவார். ரத்த அழுத்தம் எங்கேயோ கீழே கிடக்கும். அந்த நிலையில் ஒருநாள், "உன்னைக் கட்டினதுக்கு ஒரு லாரியைக் கட்டியிருந்தா நல்லா ஓட்டியிருப்பேன்" என்றார். இவள் அழுது மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். மறுநாள் எழுந்து ஒன்றுமே தெரியாதவர்போல் காபி கேட்டார். அன்றைக்குப் போட்டதுதான் அந்த ஒப்பந்தம். அதன்பிறகு வீட்டில் சண்டை குறைந்தது என்பது உண்மை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. மெஷின் ஊசி குத்துவதற்காக அவருடைய இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே கிர்ரென்று அதிரும், மடியில் படுத்த பூனை போல. அதிர்வு நின்றுபோனால் உடனே ஓடி வாங்க என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இவள் அதை இன்னும் கொஞ்சம் நீட்டி, அதிர்கிறவரைக்கும் ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொண்டாள். அப்படி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அன்றைக்கு மெஷினிலிருந்து இறங்கும்போது அவர் வழக்கத்தைவிடக் கனத்தார். இவள் தோளில் முக்கால்வாசி உடம்பைச் சாய்த்து, காலை இழுத்து இழுத்து ஆட்டோவரை வந்தார். ஆட்டோவில் ஏறினால் மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்காது. ஓட்டுகிறவனுக்கு வழி நெடுகப் பாடம் நடக்கும். அன்று ஆட்டோக்காரன் சிவப்பு விளக்கைத் தாண்டினான், எதிர்த்திசையில் புகுந்தான், மாஸ்டர் வாயே திறக்கவில்லை. பாதி வழியில்தான் பேசினார்.

"நடுவுல எவனோ கையை வச்சிருக்கான் பாரு. எடுக்கச் சொல்லு."

ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்தான். "என் கை ரெண்டும் ஹேண்டில்லதான் சார் இருக்கு" என்றான். இவளும் சேர்ந்து சிரித்தாள். மெஷின் நாள் பேச்சுதானே.

வீட்டில் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்தாள். அவர் தட்டின் வலப்பக்கத்தில் இருந்ததை மட்டும் சுத்தமாகச் சாப்பிட்டார். இடப்பாதி வைத்தது வைத்தபடி இருந்தது. கத்தியால் கோடு போட்டதுபோல் நடுவில் நின்றுவிட்டது சாப்பாடு.

"அவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் வைக்கக் கூடாதா?" என்றார்.

"தட்டுல இருக்கே, அதைச் சாப்பிடுங்க."

"எங்க இருக்கு?"

அவள் தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். விளையாடுகிற முகம் இல்லை. வாயோரம் ஒரு பக்கம் லேசாகத் தொங்கியிருந்தது. மெஷின் நாளில் முகமே தொங்கிப்போய்த்தான் இருக்கும் என்பதால் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனாள். டிரைவிங் ஸ்கூல் விஷயமாக அவருக்கு வந்த போனை எடுத்து, மாஸ்டர் தூங்குகிறார், நாளைக்குக் கூப்பிடுங்கள் என்று யாரிடமோ சொன்னாள்.

திரும்பி வந்தபோது அவர் தன் மடியில் கிடந்த இடது கையை வலது கையால் மணிக்கட்டோடு பிடித்துத் தூக்கி, கட்டிலுக்கு வெளியே போடப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"இந்தாளு கையை எடுத்துட்டுப் போகச் சொல்லு. ஆட்டோவிலேயே சொன்னேன்ல."

"எந்தாளு?"

"வாத்தியாரு. அவர் கைதான். ஊசித் தழும்பைப் பாரு. உள்ள முணுமுணுன்னு என்னமோ சொல்லிட்டே இருக்கு." குரலில் ஒரு பதற்றமும் இல்லை. அடுத்த வீட்டுக்காரர் ஏணியை வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை என்று சொல்கிற தொனியில் சொன்னார். "பாவம் மனுஷன், மறந்து வச்சுட்டுப் போயிட்டாரு."

பட்டப்பகல். ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்து கிடந்தது. தெருவில் யாரோ கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. அவள் குனிந்து அந்தக் கைமேல் விரலை வைத்தாள். கிர்ரென்று அதிர்ந்தது. ஒன்றும் ஆகவில்லை, அதிர்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் சட்டென்று விரலை எடுத்துவிட்டாள். இத்தனை நாளாக எத்தனையோ தடவை தொட்ட கை. முதல்முறையாக அதைத் தொடப் பயமாக இருந்தது.

பயத்தில் அவள் செய்த காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளத் தோன்றும். ஒரு துண்டை எடுத்து வந்து அந்தக் கையை மூடினாள். அவர் கண்ணில் படாமல் இருக்கட்டும், நிம்மதியாகத் தூங்கட்டும் என்று ஆசையாசையாக ஓரம் மடித்து மூடினாள்.

"இப்ப சரியா?" என்று கட்டிலின் இடப்பக்கம் நின்றபடியே கேட்டாள்.

"சரி" என்றார் மாஸ்டர். ஆனால் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. வலப்பக்கம் சுவரோரமாகக் கிடந்த காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்.

"நான் இங்க இருக்கேங்க."

"தெரியுது, தெரியுது" என்று நாற்காலியிடம் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவளை எங்க காணோம்? கூப்பிடுங்களேன்" என்றார்.

அவள் சமையலறைக்கு ஓடினாள். அவளுக்குப் புரிந்தவரை விஷயம் இதுதான்: வாத்தியார் வந்திருக்கிறார், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சாவுக்குப் போகாததால் அவரே தேடி வந்துவிட்டார். மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார். மாஸ்டரை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை. லாரியைக் கட்டியிருக்கலாம் என்று இன்னும் ஆயிரம் தடவை சொல்லட்டும், அவர் வேண்டும். வாத்தியாருக்கு என்ன குறை என்று கேட்டு, அதைத் தீர்த்து அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு பண்ணினாள். வாத்தியார் மனைவிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நான்தான்... மாஸ்டர் வீட்டுல."

"இப்பதான் நம்பர் கிடைச்சுதா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"தப்புதான்க்கா. வந்திருக்கணும். காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன். இப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அண்ணனுக்கு எதாவது ஆசை பாக்கி இருந்துச்சா? அண்ணன் எங்க வீட்டுக்கு வந்திருக்காருக்கா. அவரோட கையை இவர் மடியில விட்டுட்டுப் போயிட்டதா இவர் சொல்றாரு."

"எந்தக் கை?"

"இடது கை. ஊசி போடுற கை."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னாரு" என்றாள் வாத்தியார் மனைவி. "அன்னைக்கும் மெஷின் நாள்தான். இது என் கை இல்ல, பால்காரரோடதுன்னாரு."

பால்காரர் என்பவர் வாத்தியாருக்கு இடப்பக்கம் படுத்திருந்தவர். அவர் ஷிப்ட் மாறி ரொம்ப நாளாகிறது. வரிசையாகக் கிடக்கிற கட்டில்கள் இவள் கண்முன் வந்தன. ஒரு கை படுக்கை விட்டுப் படுக்கை நகர்ந்து வந்துகொண்டிருந்தது. "அப்ப வரிசையா வருதாக்கா?" என்றாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. உளறாம கேளு" என்றாள் வாத்தியார் மனைவி. குரல் உடைந்தாலும் நிறுத்தவில்லை. "பக்கவாதம். டாக்டர் அப்புறமாத்தான் எனக்குச் சொன்னாரு. கிட்னி போனவங்களுக்கு மத்தவங்களைவிட அது பல மடங்கு வருமாம். ரத்தக்குழாய் இறுகிப்போயிடுதாம், பிரஷர் ஏறி இறங்குதாம், மெஷின்ல கிடக்கறப்பவே வந்தாலும் வருமாம். மூளையில வலப்பக்கம் அடைச்சுக்கிட்டா இடது கையை அடுத்தவன் கைன்னு நினைச்சுடுவாங்களாம். இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாதாம். நான் என்ன பண்ணேன் தெரியுமா? மெஷின் களைப்புன்னு போர்வையைப் போத்தித் தூங்க விட்டேன்."

"அக்கா..."

"உங்கள்ல ஒருத்தி வந்து என் பக்கத்துல உட்கார்ந்திருந்தா இதைச் சொல்லியிருப்பேனேடி! ஒருத்தியும் வரலையே. போனை வை. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. தூங்க விடாதே, வாயில தண்ணி ஊத்தாதே. வை போனை!"

ஆம்புலன்ஸ் வந்தது, ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் மளமளவென்று நடந்தது. அவசரப் பிரிவில் ஓர் இளவயது டாக்டரம்மா இவளைத் தனியாக நிறுத்திக் கேட்டாள். "கடைசியா அவரை எப்ப நல்லா பார்த்தீங்க? யோசிச்சுச் சொல்லுங்க. அடைப்பைக் கரைக்கிற ஊசி போடலாமா வேண்டாமான்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும். சீக்கிரம் வந்திருந்தாத்தான் போட முடியும்."

இப்பதான் டாக்டர், கொஞ்சம் முன்னாடிதான். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் ஊசி போடுவார்கள். ஆட்டோவில் சிரித்தது, தட்டை எடுத்துக்கொண்டு போனது, துண்டால் மூடியது எதுவும் யாருக்கும் தெரியாமல் போகும். எந்தப் பெண்டாட்டிக்குத்தான் அப்படிச் சொல்லத் தோன்றாது?

"காலையில" என்றாள். "மெஷின் போடறதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தார். இறங்கறப்பவே காலை இழுத்தார். ஆட்டோவிலேயே சொல்லிட்டார் டாக்டர். நான்தான் கேட்டுக்கலை."

டாக்டரம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். "உண்மையைச் சொன்னதே நல்லது. இவ்வளவு நேரம் போன பிறகு, அதுவும் மெஷின்ல ரத்தம் உறையாம மருந்து கொடுத்திருக்கறப்ப, அந்த ஊசியைப் போட்டிருந்தா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கலாம். வேற வழி பார்க்கறோம். தொடை வழியா கம்பி விட்டு அடைப்பை இழுத்து எடுக்கப் பார்க்கறோம்" என்றாள்.

இழுத்து எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை இவளை உள்ளே விட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, கை கால் எவ்வளவு திரும்பும் என்று போகப்போகத்தான் தெரியும் என்றாள் டாக்டரம்மா.

மாஸ்டர் விழித்துத்தான் கிடந்தார். இவள் கதவுப்பக்கமாக, அவருக்கு இடப்பக்கம் நின்று கூப்பிட்டாள். அவர் தலை வலப்பக்கச் சுவரை நோக்கித் திரும்பியது. அங்கே யாரையோ தேடினார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு அவள் அந்தப் பக்கம் போய் நின்றாள். அவளைக் கண்டதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"நேத்தெல்லாம் எங்க போயிருந்தே?" என்றார்.

"இங்கதாங்க இருந்தேன். உங்க பக்கத்துலயே."

"பொய் சொல்லாதே. எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? நீ வரவே இல்ல."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். நாள் முழுக்கத் தட்டோடும் துண்டோடும் அவர் பக்கத்திலேயே நின்றதை எப்படிச் சொன்னாலும், அவர் சொன்னதுதான் சரி என்று பட்டது.

"ஆமாங்க" என்றாள். "வர லேட்டாயிடுச்சு."