அடுப்பிலிருக்கும் கால் எலும்பு

1

இந்தக் கதை எங்கள் அடுப்படிச் சண்டையில் பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், கிண்டிக்கு அப்பால் ஒரு செம்மண் மேட்டில் யாரோ நெருப்பு மூட்டி...'

அதை அடித்துவிட்டேன். நான் கிண்டியையே பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபின் மயிலாப்பூரில் எங்கள் தெருவைத் தாண்டுவதே அபூர்வம்.

2

பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன். அண்ணன் அப்துல் கரீம், தோண்டியெடுத்த எலும்புகளைப் பிரிக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். அந்த மேட்டின் பழஞ்சாம்பலில், தீயில் வெளுத்த ஒரு கால் எலும்பு கிடைத்தது. ஆட்டுக்கால் போலத்தான் இருந்தது, ஆனால் சிறியது. 'சின்ன மான்' என்று தன் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லிவிட்டார். துரையின் அறிக்கை நாளை அச்சுக்குப் போகிறது. மான் என்றால் அங்கே இருந்தவர்கள் வேட்டைக்காரர்கள். ஆடு என்றால் மந்தை வளர்த்தவர்கள்.

"தீயில எலும்பு சுருங்குமோன்னு இப்பதான் சந்தேகம் வந்துகீது," என்றார் அண்ணியிடம். "சுட்டுப் பாக்க முழு ஆட்டெலும்பு ஒண்ணு வேணும். கசாப்புக் கடையில வெட்டித்தான் தர்றான்."

எங்கள் வீட்டில் இருந்தது. நேற்றுக் குழந்தை ஜஹனாராவுக்கு முடி இறக்கி, பெயரிட்டு, அகீகா ஆடு அறுத்தோம். அந்த ஆட்டின் எலும்பை உடைக்கமாட்டோம், குழந்தைக்கு ஆகாது. மூட்டு மூட்டாகப் பிரித்துச் சமைத்து, எலும்புகளைச் சேர்த்துப் புதைப்போம்.

"புள்ள பேர்ல அறுத்தது. அத்தப் போயி அடுப்புல போடுவீங்களா?" என்றார் சகினா அண்ணி.

"ஒடைக்கலியே. சுடத்தானே போறேன்."

"நல்லா கீது நாயம். ஒங்க தொரையச் சுட்டுப் பாருங்க, சுருங்குறாரான்னு."

(அண்ணியைக் கோபக்காரியாகத்தான் முதலில் எழுதினேன். படித்தால் பொய்யாக இருந்தது. அவர் பயந்திருந்தார். முந்தைய குழந்தை தங்கவில்லை.)

3

முடிவு ஒன்று: அண்ணி மறுக்கிறார், மான் அச்சேறுகிறது.

முடிவு இரண்டு: அண்ணன் தெரியாமல் எடுத்து... இல்லை, அவர் அப்படிச் செய்கிறவர் அல்ல.

நடந்தது வேறு. அண்ணி, புதைக்க வைத்திருந்த எலும்பு மூட்டையை அவிழ்த்து, ஒரு கால் எலும்பைத் தானே எடுத்துத் தந்தார்.

"வெடிச்சுதுன்னா நீங்க என்கிட்ட பேசவே வேணாம்."

எலும்பின் நீளத்துக்கு நூல் வெட்டினேன். அண்ணன் எலும்பைத் தணலில் புதைத்தார்.

4

இப்போது சாம்பல் ஆறிக்கொண்டிருக்கிறது. நான் மூலையில், மளிகைக் கணக்கு எழுதுவதுபோல இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சுருங்கியிருந்தால் அண்ணன் துரை முன்னால் போய், மான் என்றது தப்பு என்று சொல்லவேண்டும். வேலை நிற்குமோ தெரியாது. வெடித்திருந்தால், தொட்டிலைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அண்ணி இந்த அடுப்பையும் பார்ப்பார்.

அண்ணன் இடுக்கியை எடுக்கிறார். அண்ணி அதை வாங்கிக்கொள்கிறார்.

"நூல எடும்மா," என்கிறார் அண்ணி என்னிடம்.

நான் ஒரு முனையைப் பிடிக்கிறேன். மறுமுனையை நீங்கள் பிடியுங்கள்.