இரண்டாவது இலை

அந்த இரண்டாவது இலையைச் சுடலைராஜ் இத்தனை ஆண்டுகளும் வீட்டார் கண்ணில் படாமல் காத்துவந்தார். கார்கில் மலையில் தன்னோடு போரிட்டு உயிர்விட்ட சிநேகிதன் சங்கரசுப்பிரமணியனுக்கு ஜூலை ஐந்தாம் தேதி படையல் போடுகிறார் என்பது மட்டுமே அவர்கள் அறிந்தது. கரிவலம்வந்தநல்லூர் வயலில் மோட்டார் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார். இந்த ஆண்டு அந்நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. கொரோனாவுக்காக ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு. சங்கரன்கோவிலைவிட்டு மோட்டார் சைக்கிளில்கூடக் கிளம்ப வழியில்லை. தெருவில் தறிச்சத்தமும் அடங்கிவிட்டது.

ஆகவே வீட்டின் உள்ளறையில் இரண்டு இலைகளையும் விரித்தார். சோறும் கறிக்குழம்பும் கொண்டுவந்த மனைவி மாரிசெல்வி வாசலிலேயே நின்றாள்.

"ஒத்த ஆளுக்கு ரெண்டு இலை எதுக்கு? செத்தும் உங்க சிநேகிதருக்குப் பசி அடங்கலையோ?"

சுடலைராஜ் சிரிக்கவில்லை. இரண்டு தம்ளர்களிலும் ரம்மை ஊற்றி முடித்த பிறகு சொன்னார்.

"இது அவனுக்கில்ல செல்வி. நான் கொன்னவனுக்கு."

சொன்னதும் கார்கிலின் அந்தப் பாறையிடுக்கு அறைக்குள் வந்துவிட்டது. சங்கரசுப்பிரமணியனின் தாடையைக் குண்டு பிய்த்துக்கொண்டு போயிருந்தது. தன் துப்பாக்கி சிக்கிக்கொண்ட கணத்தில் எதிரே பாய்ந்தவனைக் கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, குரல்வளையில் இரு கட்டைவிரல்களையும் அழுத்தினார் சுடலைராஜ். அவன் நகங்கள் அவர் மணிக்கட்டைக் கிழித்தன. குருத்தெலும்பு நொறுங்கியதை விரல் உணர்ந்தது. அதற்குப் பிறகும் அவன் கால்கள் நெடுநேரம் பனியை உதைத்துக்கொண்டிருந்தன. மறு ஆண்டு சிநேகிதனுக்கு மட்டும் இலை போட்டபோது, பிசைந்த சோறு விரலுக்குள் துடித்தது, உண்ண முடியவில்லை. அன்று விரித்ததுதான் இரண்டாவது இலை.

மாரிசெல்வி குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். "எந்த ஊர்ப் பிள்ளை?"

"எல்லைக்கு அந்தப் பக்கம்."

"அப்போ முஸ்லிம் பையன்லா? அவனுக்குப் போயா ரம் ஊத்துதீய? இத்தன வருசமுமா?"

சுடலைராஜ் திகைத்துப்போனார். ஒருமுறைகூட அது அவருக்குத் தோன்றியதில்லை. அவள் அந்தத் தம்ளரை எடுத்து அப்பால் வைத்து, வேறொன்றில் தண்ணீர் வார்த்தாள். பிறகு அந்த இலையில் சோற்றைப் பரிமாறினாள்.

வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த மகன் அருண்குமார் அப்போதுதான் உள்ளே வந்தான். பட்டாளத்துக்கு ஆளெடுப்பு எப்போது என்று காத்திருப்பவன்.

"பாகிஸ்தான்காரனுக்கா சோறு போடுதீய? நாலு பேருட்ட உங்களைப் பத்திப் பெருமை பேசிட்டுத் திரியுதேன். வெக்கமா இல்லையாப்பா?"

"ஏலே, வெளியே போ."

அருண்குமார் அந்த இரண்டாவது இலையை எட்டி உதைத்தான். சோறு சுவரில் அறைந்தது.

அடுத்த நொடி அவன் தரையில் கிடந்தான். நெஞ்சில் தகப்பனின் முழங்கால். கழுத்தில் இரு கட்டைவிரல்கள். விரல்கள் தேடவில்லை, இடம் அவற்றுக்குத் தெரிந்திருந்தது. மகனின் முகம் கறுத்தது. குதிகால்கள் தரையை உதைத்தன. "விடுங்க! நம்ம பிள்ளை!" என்ற அலறல் எங்கோ கேட்டது. மாரிசெல்வி குழம்புக் கரண்டியால் அவர் தலையில் ஓங்கி அடித்தாள், மீண்டும் அடித்தாள். மூன்றாம் அடியில் புருவம் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. பிடி விட்டது.

அருண்குமார் புரண்டு, இருமி, எச்சிலோடு ரத்தம் துப்பினான். கழுத்தில் இரண்டு தடங்கள் சிவந்து தடித்தன. பேச்சு வர வெகுநேரமாயிற்று.

"அவனும் இப்படித்தான் உதைச்சானா?"

"ஆமா," என்றார் சுடலைராஜ். "அவனுக்கு யாரும் வரல."

மாரிசெல்வி அழுதுகொண்டே சுவரடியில் சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளினாள். பிறகு புது இலை அறுக்க அரிவாளோடு கொல்லைக்குப் போனாள். அருண்குமார் எழுந்து போகவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, தகப்பனின் கை எட்டாத தொலைவில், கழுத்தைப் பொத்தியபடி அங்கேயே இருந்தான்.