குழந்தைகளோடு வருபவர்கள் கவனத்திற்கு

என்னை மாட்டிவிட்டது ஒரே ஒரு வரி. அதையும் என் கையால் எழுதவில்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் ரிதன்யா ஒவ்வொரு எழுத்தாக லேப்டாப்பில் தட்டினாள். ஏழு வயது. தானேதான் டைப் செய்வேன் என்று ஒரே அடம். செய்து தொலை என்று விட்டுவிட்டேன்.

ஜியோகேஷிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. எங்காவது ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தை ஆப்பில் போட வேண்டும். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே வந்து தேடுவார்கள். கிடைத்ததும் உள்ளே இருக்கும் நோட்டில் பேரை எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். போன மாதம் எங்கள் செம்பூர் பில்டிங் பிள்ளைகளும் அம்மாக்களுமாக ஒன்றைத் தேடப் போனோம். மண்டையைப் பிளக்கும் வெயிலில் ஒன்றரை மணி நேரம். கடைசியில் பார்த்தால், சுண்டு விரல் அளவு டப்பியை ஒரு கம்பிக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறான் புண்ணியவான். பிள்ளைகள் அழுதேவிட்டன. எனக்கு வந்த கோபத்தில், “நானே ஒண்ணு வைக்கிறேன், பால்வாடிப் பிள்ளைகூட எடுக்கிற மாதிரி” என்று எல்லார் முன்னாலும் சவால் விட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் செய்தேன். மாட்டுங்கா கிழக்கில் நிழலான ஒரு கார்டன். வாட்ச்மேனிடம் விளையாட்டை விளக்கி, டப்பாவைத் திறந்து காட்டி அனுமதி வாங்கினேன். யாரும் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்று உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி மாதிரி டப்பா. அதற்குள் நோட்டு, பென்சில், ரப்பர், ஹேர் கிளிப், கோலிக்குண்டு, ஒரு குட்டிக் கார். பிள்ளைகள் ஒன்றை எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தங்களுடையது ஒன்றை வைக்கலாம். மரத்து வேருக்கு நடுவே, குனிந்தால் கை எட்டும் இடத்தில் வைத்து இரண்டு கல்லால் மூடினேன். பக்கத்திலேயே பெஞ்சு, தண்ணீர், கக்கூஸ்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அதற்கான குறிப்பை எழுத உட்கார்ந்தோம். எங்கே வண்டி நிறுத்தலாம், எந்த கேட் வழியாக வரலாம் என்று எல்லாம் இங்கிலீஷில் சொல்லி வந்தவள், கடைசியாக அதே இங்கிலீஷில் இன்னொன்றும் சொன்னேன். ‘குழந்தைகளோடு வருபவர்கள் கவனத்திற்கு: கிங்ஸ் சர்க்கிள் பக்கமாக வரவும். லேபர் கேம்ப் பக்கமிருந்து பாலம் ஏறி வரும் வழியைத் தவிர்க்கவும். அந்த ஏரியா பாதுகாப்பானதல்ல.’

“சேஃப் இல்லையா? அங்கே என்னம்மா இருக்கும்?” என்றாள் ரிதன்யா.

“நீ டைப் பண்ணுடி.”

அங்கே என்ன இருக்கும்? நான் இருந்தேன். இருபத்து நான்கு வருடம். மாட்டுங்கா லேபர் கேம்ப் என்கிற கூலிக்காரர் குடியிருப்பில், கல்லி என்று சொல்லும் சந்து ஒன்றில் பிறந்து, தண்டவாளத்துக்கு மேலே போகும் அந்தப் பாலத்தில் ஏறி இறங்கித்தான் பள்ளிக்கூடமும் காலேஜும் போனேன். ஒரு நாள்கூட ஒருத்தன் என்னைத் தொட்டதில்லை. இப்போதும் என் அண்ணன் ராஜபாண்டி அங்கேதான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். ஆனால் செம்பூரில் யாராவது பிறந்த வீடு எங்கே என்று கேட்டால் “மாட்டுங்கா” என்பேன். லேபர் கேம்ப்பை விழுங்கிவிடுவேன். பில்டிங் அம்மாக்கள் அந்த வரியைப் படித்து, பானுமதி எவ்வளவு பொறுப்பானவள் என்று நினைக்க வேண்டும். அந்த அல்பத்துக்காகத்தான் எழுதினேன்.

எழுதியதை மறந்தும் போனேன். மறந்ததால்தான், குறிப்பு ஆப்பில் வந்த அன்று ரிதன்யா மாமாவுக்கு வீடியோ கால் போட்டு, “ட்ரெஷர் ஒளிச்சு வச்சிருக்கோம், செல்வி அக்காவைக் கூட்டிட்டு வாங்க மாமா” என்றபோது நானும் பின்னாலிருந்து, “ஞாயித்துக்கிழமை வாண்ணே, நீங்கதான் முதல்ல எடுக்கணும்” என்று கத்தினேன்.

ஞாயிறு காலை பத்து மணி. நானும் ரிதன்யாவும் கார்டன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் போன் செய்தான். “ஏட்டி பானு, பாலம் ஏறிட்டோம். அஞ்சு நிமிசத்துல வந்திருவோம்.”

பாலம் என்ற சொல் காதில் விழுந்ததும்தான் அந்த வரி நினைவுக்கு வந்தது. போனை எடுத்து அந்த வரியை அழிக்கப் பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்டது. மூன்று தடவை போட்டேன், மூன்றும் தப்பு. நாசமாய்ப் போன பாஸ்வேர்டு.

அதற்குள் வந்துவிட்டார்கள். அண்ணன் தேய்த்த சட்டை போட்டிருந்தான். கல்யாண வீட்டுக்கு மட்டும் கட்டும் வாட்ச் கையில். அவன் மகள் இசக்கிசெல்விக்குப் பத்து வயது, இரட்டைச் சடை, கையில் போன். ஆப்பை நேற்றே இறக்கி வைத்துவிட்டாளாம்.

“செல்வி, அத்த எழுதுனத ஃபுல்லா வாசி. எனக்குத் தமிழ்ல சொல்லு” என்றான். அண்ணனுக்கு இங்கிலீஷ் வராது.

“அதெல்லாம் எதுக்குண்ணே, நேரா போய்த் தேடட்டும்.”

“சும்மா இருட்டி. எந்தங்கச்சி ஆப்புல எழுதியிருக்கா, நான் கேக்க வேண்டாமா? கல்லி பூரா சொல்லிட்டு வந்திருக்கேன்.”

ரிதன்யா பொறுமையில்லாமல் சறுக்குமரத்துக்கு ஓடிவிட்டாள். செல்வி வரி வரியாகச் சொல்லி வந்தாள். மரத்தைச் சொன்னாள், பெஞ்சைச் சொன்னாள். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, “மஸ்த், மஸ்த்” என்றான். கடைசி வரிக்கு வந்ததும் செல்வியின் வாய் நின்றது. கண் மட்டும் ஓடியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

“அவ்வளவுதானா?” என்றான் அண்ணன்.

“இன்னும் ஒண்ணு இருக்குப்பா. கிங்ஸ் சர்க்கிள் பக்கமா வரலாமாம். லேபர் கேம்ப் பக்கமிருந்தும் பாலம் ஏறி வரலாமாம். கிட்டக்கதானாம்.”

“பாத்தியாளா! நம்ம கேம்ப் பேரையும் போட்டிருக்கா!” அண்ணன் முகம் பூரித்துவிட்டது. என் தோளில் ஒரு தட்டு தட்டினான். “நீ மறக்கலட்டி.”

அவன் ஓங்கி அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். பத்து வயதுப் பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றுகிறது, நாற்பது வயதுக் கழுதை நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

டப்பாவை இரண்டே நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். ரிதன்யாவும் ஓடி வந்து குதித்தாள். செல்வி நோட்டில் முதல் ஆளாகப் பேர் எழுதினாள். தன் பையிலிருந்து அப்பா கடையின் செம்புக் கம்பியில் செய்த ஒரு சின்னப் பட்டாம்பூச்சியை உள்ளே வைத்தாள். எனக்காகவே முந்தின நாள் உட்கார்ந்து செய்ததாம். எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. “ஒண்ணு எடுத்துக்கோம்மா” என்றேன். “வேண்டாம் அத்த” என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

“சரி, கிளம்புங்க” என்றான் அண்ணன். “உன் மதினி மீன் குழம்பு வச்சிருக்கா. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

வழக்கமாக ஏதாவது சாக்குச் சொல்வேன். அன்று எந்த முகத்தோடு சொல்வது? ரிதன்யாவுக்கு நினைவு தெரிந்து அவள் மாமா வீட்டுக்குப் போனதே இல்லை. அவர்கள்தான் செம்பூருக்கு வருவார்கள். பாலம் வரை என் கையை ஆட்டிக்கொண்டே வந்தாள். படிக்கட்டில் கால் வைத்த அண்ணன், “அந்தா, இறங்கினா நம்ம கேம்ப்புதான்” என்றான். ரிதன்யா அப்படியே நின்றுவிட்டாள்.

“நான் வரலை.”

“ஏன்டா தங்கம்?”

“அது சேஃப் இல்லை மாமா. கிட்ஸ் போகக்கூடாது. அம்மா சொல்லித்தான் நான் டைப் பண்ணினேன். கடைசி லைன்.” உதடு பிதுங்கி அழ ஆரம்பித்தாள். “அம்மா, வேண்டாம்மா, நம்ம வீட்டுக்குப் போலாம்மா.”

பிள்ளை நடிக்கவில்லை. அங்கே என்ன இருக்கும் என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லாததால், இத்தனை நாளும் அவளாக எதையோ நினைத்து வைத்திருக்கிறாள்.

அண்ணன் படியிலிருந்து இறங்கி வந்தான். “அப்படியா எழுதின?”

“ஆமாண்ணே.”

“யாராவது கேட்டாங்களா? இப்படி எழுதித்தான் ஆவணும்னு?”

“யாரும் கேக்கல.”

அவன் செல்வியைத் திரும்பிப் பார்த்தான். அவள் போனைப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

“எம்புள்ள இதுவர எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லட்டி” என்றான். சத்தம் போடவில்லை. “உனக்காகச் சொல்லியிருக்கு.”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறினான். வா என்று திரும்பக் கூப்பிடவில்லை. ரிதன்யாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஏறினேன். ஏழு வயதுப் பிள்ளை, கனம் இடுப்பை ஒடித்தது. என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முகத்தை என் தோளில் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

பாலம் இறங்கி, பிளாஸ்டிக் குடங்களும் ஸ்கூட்டர்களுமாக இருந்த எங்கள் கல்லிக்குள் நுழைந்தோம். இரண்டாவது வீட்டு வாசலில் சொர்ணம்மாள் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஈரக் கையோடு எழுந்து வந்தாள்.

“பானுல்லா இது! எம்புட்டு நாளாச்சு உன்னப் பாத்து! இதா உம்மவ? முகத்தக் காட்டச் சொல்லு, பாப்போம்.” எட்டிப் பார்த்தாள். “அட, புள்ள தூங்குதா?”

ரிதன்யாவின் நகங்கள் என் முதுகில் பதிந்தன. அண்ணன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவன் நடை மட்டும் கொஞ்சம் மெதுவானது.

“ஆமாக்கா, தூங்கிட்டா” என்றேன்.

செல்வி மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள்.